வெறும் கையால் எடுத்த மண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது நான் பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர். மரக்கறி போடும் நிலங்களின் மண்ணில் அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் வேலை. புரதம் உடைந்தால் வருகிற சிறு துண்டுகள்தான் அமினோ அமிலம். பயிருக்கு நைதரசன் கிடைப்பதில் அதற்கும் பங்குண்டு. மண்ணை ஊறவைத்து வடித்த நீரில் ஒரு மருந்தை விட்டுச் சூடாக்கினால் ஊதா நிறம் வரும். நிறம் கடுமையாக இருந்தால் அமிலம் அதிகம் என்று அர்த்தம்.

அன்று மூட்டை உரம் போடுகிற ஆறு வீட்டுக்காரர்களின் மண்ணை முதலில் எடுத்தேன். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கையுறை போட்டு, ஒழுங்காக எடுத்தேன். கடைசியாக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓர் அக்காவின் போஞ்சிப் பாத்தி. கொழுந்து பறிக்கிறவர், அன்று வேலைக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார். சாணமும் குப்பையும் மட்டும் போட்டால் மண்ணுக்குப் போதுமா என்று தெரிந்துகொள்ள அவருக்கு அவ்வளவு ஆவல். நான் கையுறையை மாட்டியதும், "எங்க மண்ணு அவ்வளவு அழுக்கா மிஸ்?" என்று சிரித்தபடி கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். அவர் 'மிஸ்' என்று கூப்பிட்டதே உறுத்திக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். இருவரும் குந்தியிருந்து வெறும் கையால் மண்ணை உதிர்த்து, வேரைப் பொறுக்கினோம். நல்ல பெயர் எடுத்துவிட்ட சந்தோஷத்தோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் அவருடைய மண் கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. மற்ற ஆறும் வெளிறிக் கிடந்தன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டு, சாணமும் குப்பையுமே போதும், மூட்டை உரம் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, சுட்டுச் சுத்தப்படுத்திய மணலை வேறொரு சோதனைக்காக அவசரத்தில் விரலால் கிள்ளிப் போட்டேன். ஒன்றுமே இல்லாத அந்த மணலும் ஊதாவானது. மனிதரின் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. பரீட்சை எழுதிப் பாஸான பாடம். அப்படியிருந்தும் கையும் களவுமாக அகப்பட்டேன்.

மேலதிகாரி, சத்தமில்லாமல் திரும்ப எடுத்தால் போதும், ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றார். எப்போது வரலாம் என்று கேட்க அக்காவுக்குப் போன் செய்தேன். அவரோ என் பேச்சை லயம் முழுக்கச் சொல்லியிருந்தார். அந்த ஆறு வீட்டுக்காரர்களும் இந்த முறை உரமே வாங்காமல், ஞாயிற்றுக்கிழமை போஞ்சி ஊன்றப் போகிறார்களாம். சம்பளத்துக்கு மேல் அந்த வீடுகளுக்குக் காசு வருவது அந்தப் போஞ்சியில்தான். என் வாயால் கெட்டதை நானே நேரில் போய்ச் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை முதல் பஸ். நல்ல மழை. வழியில் மண் சரிந்து பாதை மறிபட்டிருந்ததால் மீதித் தூரத்தை நடந்தேன். நனைந்துபோய் நின்றவளுக்கு அக்கா துவாய் கொடுத்தார். மழுப்பாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீங்க அளந்தது என் கை வேர்வையவா?"

"ஆமாங்கக்கா. என்னோடதும்தான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆறு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் குடையை எடுத்தார்.

"அவங்ககிட்ட சொன்னது என் வாயி. நானும் வாறேன்."

ஆறு வாசலும் ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில், படித்தவள் லட்சணம் இதுதானா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அக்காவையும் கேலி செய்தார்கள். அவர் தலை குனியவில்லை. பிறகு இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி மண் எடுத்தோம்.

இந்த முறை அவருடைய மண் மற்றவர்களுடையதை விடக் கொஞ்சம்தான் மேல். போனில் சொன்னபோது, "இது நெசந்தானே?" என்று கேட்டார். மூன்று தரம் செய்து பார்த்துவிட்டேன் என்றேன்.

இன்றைக்கும் என் மனதுக்குப் பிடித்த மாதிரி ஒரு விடை வந்தால், முதலில் அதைத்தான் சந்தேகிக்கிறேன். அதை நம்பி யாரோ ஒருவர் விதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்ற பயம் எனக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம்.