சேவல் போன பிறகு வைத்த அடை

“...சேவல் போனா என்ன மதினி, அது குடுத்தது கோழிக்குள்ள இருக்கும்ல? வெரசா பாத்துச் சொல்லு” என்றபடி பக்கத்து வீட்டுக்காரி அடைக்கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்தேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. வீட்டிலேயே கோழி அறுத்துச் சுத்தம் செய்து விற்கிறவள் நான். கோழி வயிறு எனக்குப் பழகிய இடம். இடப்பக்கம் மட்டும்தான் மஞ்சள் கருக்கள் கம்பத்துத் திராட்சை மாதிரி கொத்தாகத் தொங்கும், பெரிசும் பொடிசுமாக. அதற்குக் கீழே நெளிந்து இறங்குகிறது குழாய். சேவல் ஒருதரம் மிதித்தால் வித்து அந்தக் குழாயின் மடிப்புகளில் தங்கி, அடுத்தடுத்து வரும் கருவுக்கெல்லாம் உயிர் கொடுக்கும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்கப்புறம் முட்டை வரும், குஞ்சு வராது.

வெள்ளைக்கழிச்சலில் தெருவே கோழியற்றுப் போனபோது அவளுக்கு மிஞ்சியது இந்தக் கிழட்டுப் பெட்டையும் ஒரு சேவலும்தான். நோய் நின்றால் சேவலைத் தருவதாகக் கருப்பசாமிக்கு நேர்ந்திருந்தாள். நின்றது, கொடுத்தாள். “சாகுறதுக்குக் கோழி இல்லாமத்தான்டி நோவு போச்சு” என்றார் அவள் வீட்டுக்காரர், அந்தக் கறியைத் தின்றுகொண்டே.

ஏலக்காய் எடுக்க ஜீப்பில் மலையேறிக்கொண்டிருந்தவள் அவள். முழங்கால் தேய்ந்துவிட்டது. “காலு ரெண்டும் ரிட்டயர் ஆயிருச்சு மதினி, வயிறுதான் இன்னும் டூட்டி பாக்குது” என்பாள். குஞ்சு பொரித்தால்தான் இனி அவளுக்கு ஒரு சோலி, ஒரு பிழைப்பு.

சேவலை அறுத்த மறுநாளே பெட்டை இட ஆரம்பித்து, மூன்று வாரத்துக்கு மேல் விட்டுவிட்டு இட்டது. எங்கள் பக்கம் முதலில் இட்டதை அடை வைக்க மாட்டோம். ஆறிப்போனது என்று குழம்பில் உடைத்து ஊற்றிவிட்டு, கடைசியாக இட்டதைத்தான் வைப்போம். சேவல் இருக்கிற வீட்டுக்கு அது சரி. அவளும் கை பழகியபடியே செய்துவிட்டாள். உயிர் இருந்ததெல்லாம் குழம்புக்குப் போனது, உயிர் தீர்ந்தபின் வந்தது அடைக்குப் போனது.

அடை வைத்து ஒரு வாரம் கழிந்த முட்டைக்குள், டார்ச் வெளிச்சத்தில் சிவப்பு நரம்பு சிலந்திக்கால் மாதிரி பரவியிருக்க வேண்டும்.

“தெரியுதா?”

“வெறுமனே கெடக்கு, நரம்பே காணோம்.”

“அடுத்ததப் பாரு.”

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே தெளிந்து கிடந்தன.

“அம்புட்டும் கூமுட்டையா?”

தலையாட்டினேன்.

“சரி விடு. சிலமலையில எங்கண்ணே வீட்டுச் சேவலக் கொண்டாந்துருவோம். இதுக்கு இன்னொருக்கா இடத் தெம்பு இருக்கான்னு மட்டும் பாரு.”

பெட்டையைத் தூக்கி, வாலடி எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்தேன். இடுகிற கோழிக்கு இரண்டு மூன்று விரல் நுழையும்.

“எத்தன விரலு மதினி?”

“ஒண்ணே இடிக்குது.”

“அடையில கெடந்தா இறுகத்தான செய்யும்?”

“செய்யும்.”

கொண்டை வெளுத்துச் சுருங்கியிருந்தது. இந்த வயசுக் கோழிகளை எத்தனையோ அறுத்திருக்கிறேன். உள்ளே கொத்து இருக்காது, மிளகளவில் நாலைந்து கரு ஒட்டிக்கிடக்கும். எத்தனையோ கோழி வளர்த்த அவளுக்கும் அது தெரியும்.

அவள் பெட்டையை என் கையிலிருந்து வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே குழாயடிக்குப் போய், அடைச்சூடு தணிந்தால் மறுபடி இடும் என்று அதன் வயிற்றைத் தண்ணீர் வாளியில் முக்கிப் பிடித்தாள்.