மாமனார் ஜீப்பின் காயாத பிரேக்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தில் இல்லை, எரிச்சலில். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன், அருள்புரத்தில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறேன். மெஷின் நின்றால் ஏதோ தேய்ந்திருக்கும், இல்லை அறுந்திருக்கும், அதை மாற்றினால் ஓடும், உலகத்தில் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது சொல்வதை நீங்கள் நம்பினாலும் சரி, எனக்குக் கழன்றுவிட்டது என்றாலும் சரி. ஆனால் இப்போதுதான் சாப்பிட்டீர்கள் என்றால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், அவ்வளவு அருவருப்பான சமாச்சாரம் இது.

என் மாமனாரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. கதவு கிடையாது, மேலே வெறும் தார்ப்பாய். பல்லடம் தாண்டி இருக்கும் தோட்டத்துக்கு அதில்தான் போவார் வருவார். மனிதருக்கு எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை, பாக்கு, புகையிலை. ஓட்டிக்கொண்டே தலையை வலதுபக்கம் சாய்த்துத் துப்புவார், அது காற்றில் இழுபட்டுப் பின்சக்கரத்தில் போய் அப்பும், பின்னால் பைக்கில் வருகிறவன் பாடு அதோகதி. எங்கள் வீட்டுக்கு வந்தால் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கதவு நிலையில் தடவிவிட்டுப் போவார். ஒருமுறை பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார், என் இலையில் வெள்ளைச் சோற்றின்மேல் சிவப்பாக ஒரு பொட்டு வந்து விழுந்தது. அப்படியே இலையை மூடிவிட்டு எழுந்தேன். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்பீர்கள். அவர் உயிரோடு இருந்தபோதும் நான் இப்படித்தான் பேசினேன்.

அவர் காலமான பிறகு ஜீப் என் மனைவி சுமதிக்கு வந்தது. அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர் அந்த ஜீப்பில்தான். வருஷத் திதிக்கு அதிலேயே தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வண்டியோ, பிரேக்கை மிதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆர்டர் அவசரம், ஆள் வரவில்லை என்று நான் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் நின்றாள்.

“எங்கப்பாவப் புடிக்காமத்தான வண்டிய இப்படிப் போட்டு வெச்சிருக்கறீங்க. நீங்க செஞ்சு குடுக்காட்டிப் போகுதுங்க. திதி அன்னைக்கு இருக்கற மேனிக்கு நானே ஓட்டீட்டுப் போறேன்.”

சொன்னால் செய்கிறவள். பல்லடம் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பிரேக் இல்லாத ஜீப்பில் அவள் போவதை நினைத்துப் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையே கை வைக்கிறேன் என்றேன்.

யூனிட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. அங்கே ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினேன். மூன்று சக்கரங்களில் ஒன்றும் விசேஷமில்லை, பிரேக் லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைகள் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைக் கீறிக்கொண்டிருந்தன. வலது பின்சக்கரத்து டிரம் மட்டும் அசையவில்லை. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி இழுத்ததும் சேற்றிலிருந்து காலை உருவுகிற மாதிரி சளக் என்று வந்தது. உள்ளே கருஞ்சிவப்பாக, கட்டைவிரல் கனத்துக்கு ஏதோ அடை அப்பியிருந்தது, அதில் பாக்குத் துணுக்குகள், நரைமுடி. நாற்றம் மூக்கில் ஏறவில்லை, நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

அப்போதும் நான் எதையும் நினைக்கவில்லை. அத்தனை வருஷமாகத் துப்பினால் சந்து வழியாக உள்ளே போகாமல் என்ன செய்யும். மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, பெட்ரோல் விட்டுக் கழுவி, ஒரு கோணிப்பை பனியன் வேஸ்ட்டைத் துடைத்தே தீர்த்தேன். முதலிபாளையத்தில் லேத்தில் கொடுத்து டிரம்களைக் கடைந்து வாங்கினேன், எங்கள் ஊர் ராயபுரத்தில் புது லைனிங் அடித்தேன், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு. மாட்டி, சுமதியைப் பெடல் மிதிக்கச் சொல்லிப் பைப்பில் இருந்த காற்றையும் எடுத்துவிட்டுக் கைகளை டெட்டால் போட்டுக் கழுவினேன்.

அடுத்த ஞாயிறு ஏறி மிதித்தால் பெடல் மறுபடியும் தரைக்குப் போனது. அந்த டிரம்மைக் கழற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், புது லைனிங் முழுக்க ஈரம். சிவப்பாக, நுரையோடு, தொட்டால் வெதுவெதுப்பாக. பிரேக் ஆயில் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் பிரேக் ஆயிலில் வெற்றிலை நரம்பு கிடக்குமா? சுண்ணாம்பு வாசம் வருமா? நான் கத்திய சத்தத்தில் சுமதி ஓடிவந்தாள். அவள் மூக்கைப் பொத்தவில்லை, குனிந்து மோந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“எங்கப்பா வாசமுங்க,” என்றாள்.

எனக்குக் குமட்டலோடு கோபமும் வந்தது. யூனிட்டில் குட்கா போடுகிற எவனோ விளையாடுகிறான் என்று முடிவு பண்ணி, ஷெட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டுச் சாவியை என் அரைஞாண் கயிற்றிலேயே கட்டிக்கொண்டேன். கழுவிக் காயவைத்து மாட்டுவேன். பூட்டு பூட்டினபடி இருக்கும், உள்ளே டிரம் ஊறிக் கிடக்கும். இதைச் செய்து செய்து எனக்குச் சோறே இறங்காமல் போய்விட்டது, ரசத்தில் மிளகாய் மிதந்தால்கூட எழுந்துவிடுவேன்.

திதிக்கு முந்தின நாள் மத்தியானம் கடைசியாக ஒருமுறை மாட்டினேன். பைப்பில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும், அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், சுமதி பூஜை சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் வந்து நின்றது. கரண்ட் கட் காலத்தில் இந்த ஊரில் யூனிட் வைத்திருந்தவன் எவனும் ஜெனரேட்டருக்கு பேரலிலிருந்து டியூபில் வாய் வைத்து டீசல் உறிஞ்சாமல் இருந்திருக்க மாட்டான். பிரேக் ஆயில் விஷம் என்று தெரியும், வாய்க்கு வருவதற்குள் டியூபை எடுத்துவிடலாம் என்ற தைரியம். சக்கரத்துக்குப் பின்னால் காற்று எடுப்பதற்கென்று இருக்கும் நிப்பிளில் டியூபைச் சொருகி லேசாக இழுத்தேன்.

நான் இழுத்ததுதான் லேசு. அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. வெதுவெதுவென்று, கொழகொழவென்று, வாய் கொள்ளாமல். சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த காரம், அதற்கு நடுவில் மெத்தென்று, இன்னொருவர் மென்று வைத்த சக்கை என் நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. துப்புவதற்குள் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. போனது எனக்குத் தெரியும். சிமெண்ட் தரையில் துப்பினேன், விரலை விட்டு வாந்தி எடுத்தேன், பைப்படியில் போய் சோப்பையே வாயில் போட்டுத் தேய்த்தேன். திரும்பி வந்து பார்த்தால் நான் துப்பின இடத்தில் மஞ்சளாகச் சுத்தமான பிரேக் ஆயில்தான் கிடந்தது. சிவப்பு ஒரு சொட்டு இல்லை.

பெடலை மிதித்தேன். கல் மாதிரி நின்றது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன், லைனிங் கடையில் வாங்கின மாதிரி காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு அது நனையவே இல்லை.

மறுநாள் சுமதிதான் ஓட்டினாள். பல்லடத்துக்குள் ஒரு லாரி திடீரென்று குறுக்கே திரும்பியபோது மிதித்தாள், ஜீப் மிதித்த இடத்திலேயே நின்றது. அவள் சிரித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தாள். அவள் உயிர் பிழைத்ததே போதும், என்ன கருமத்தைக் குடித்திருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

ஐப்பசியில் ஈறு வலி வந்து பல் டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, “எத்தன வருசமாங்க பொகையில போடறீங்க?” என்றார். நான் ஒருநாளும் தொட்டதில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் காட்டினார். கடைவாய்ப் பற்கள் எல்லாம் உள்பக்கம் கருஞ்சிவப்பாகக் காவியேறிக் கிடந்தன, ஒருநாள் இரண்டு நாளில் ஏறுகிற காவி இல்லை அது. கம்பியால் இடுக்கில் குத்தி எதையோ எடுத்துப் பஞ்சில் வைத்தார். பாக்குத் துணுக்கு.

பக்கத்தில் நின்ற சுமதிதான் வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

“நானும் எத்தனையோ தடவ சொல்லிப்போட்டனுங்க டாக்டர். எங்கப்பா கேக்கவே மாட்டாருங்க.”

டாக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். வீட்டுக்கு வந்து கேட்டால், இவரு கேக்க மாட்டாருன்னுதான் சொன்னேன் என்று சத்தியம் பண்ணுகிறாள். இருக்கலாம். எனக்குத்தான் காது சரியில்லாமல் இருக்கலாம். அவளுக்குத் தெரியாமல் தினமும் ரத்தம் வரப் பல் தேய்க்கிறேன், டாக்டர் சுத்தம் செய்த பற்களில் மறுபடி காவி ஏறுகிறது. போன வாரம் அவளாகவே யூனிட்டில் மிஞ்சின துணியில் எனக்கு மட்டும் புதுத் தலையணை உறைகள் தைத்து வாங்கி வந்தாள், அத்தனையும் மெரூன் நிறம். எதற்கு இந்தக் கலர் என்றேன். மடித்து வைத்துக்கொண்டே, “வெள்ளைய எத்தன தொவைச்சாலும் காவி போறதில்லைங்க,” என்றாள்.