தலையாட்டாத வெள்ளையம்மா

ஆத்தூர் சடையாண்டியின் மூத்த மருமகள் வெள்ளையம்மா. பிறந்தது வக்கம்பட்டி. அவள் தகப்பனாரும் சடையாண்டியின் சம்சாரமும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கச்சி. அப்படியிருந்தும், வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து மாமனார் கேட்டதற்கு அவள் வாயைத் திறந்து பதில் சொன்னதே இல்லை. ஆமாமென்றாலும் தலை ஆடும், இல்லையென்றாலும் தலைதான் ஆடும்.

"ஏலே தங்கமுத்து, ஒம் பொண்டாட்டி நாக்கை வக்கம்பட்டியிலேயே வச்சுட்டு வந்துட்டாளாடா?" என்று சடையாண்டி மகனைக் கேலி பண்ணுவார்.

வெள்ளையம்மாவின் இடது கண் சின்ன வயதிலேயே நெல்தாள் குத்திப் போனது. வலது கண்தான் அவளுக்கு எல்லாம். போன ஆடியில் அதிலும் நடுப் பார்வை போயிற்று. மல்லிகைச் செடி தெரியும், இலை தெரியும். பறிக்கக் கை நீட்டுகிற மொட்டு மட்டும் காணாது.

திண்டுக்கல்லில் கண் டாக்டர் இஷாக் சொன்னார்: "விழித்திரையில ஓட்டை விழுந்திருக்கும்மா. அதுமேல ஒரு மெல்லிய சவ்வு இழுத்துப் பிடிச்சிருக்கு. அதை உரிச்சாத்தான் ஓட்டை மூடும். உரிக்கும்போது என் இடுக்கி எம்புட்டு ஆழத்துல நிக்குதுன்னு மிஷின் அப்பப்பவே படம் காட்டும். நீங்க மட்டும் அசையக் கூடாது."

அவள் தலையாட்டினாள்.

ஆபரேஷன் மேஜையில், கண் மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. இடுக்கியைக் கண்ணுக்குள் விட்டபடி "வலிக்குதாம்மா?" என்றார் டாக்டர். இல்லையென்று தலை ஆடியது. அவர் சட்டென்று இடுக்கியை வெளியே எடுத்துவிட்டார்.

"படமே ஓடிப்போச்சு! நல்லவேளை, இன்னும் சவ்வைத் தொடலை. வாயால சொல்லுங்கம்மா. நீங்க தலையாட்டினா மிஷின் இருந்தும் நான் குருடன்தான்."

"தலை அசையாம நெத்தியில இன்னொரு பிளாஸ்திரி போடவா டாக்டர்?" என்றாள் நர்ஸ் ருக்சானா.

"போட்டுக்கிருங்க." வெள்ளையம்மா வாயைத் திறந்தாள். "போடாட்டியும் ஆட்ட மாட்டேன்."

டாக்டர் மறுபடி உள்ளே போனார். வெள்ளையம்மா மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சவ்வு உரிந்து வந்தது. முடிந்ததென்று நினைத்தவர் திரையைப் பார்த்து நின்றார்.

"ஒரு துணுக்கு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. படம் இல்லாட்டி விட்டிருப்பேன். இன்னொரு தடவை போகணும், தாங்குவீங்களா?"

தலை ஆடப் பார்த்தது. அடக்கினாள்.

"போங்க சார். மிச்சம் வைக்காம எடுங்க."

ஓட்டை மூடுவதற்காகக் கண்ணுக்குள் காற்றடைத்து, குப்புறவே படுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்க வந்த சடையாண்டி தலைமாட்டில் நின்றார். "ஆத்தா, கண்ணு தெரியுமாம்ல?"

"தெரியும் மாமா," என்றாள் தலையணைக்குள்ளிருந்து. "பங்குனிப் பூவை நான்தான் பறிப்பேன்."

கிழவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, நாக்கு வந்து சேர்ந்துருச்சுடா!"

பங்குனியில் செடிமுன் நின்றாள்.

"எப்படித் தெரியுது?" என்றான் தங்கமுத்து.

"மொட்டு கொஞ்சம் கோணலாத்தான் தெரியுது. ஆனா இருக்கு."

கை நீட்டிப் பறித்து மடியில் போட்டாள்.