நைலாவின் கொக்கி

நைலா தாக்கரேக்கு விட்டுக்கொடுக்கிற பழக்கமே கிடையாது. அமெரிக்காவின் யூட்டாவில் டெல்டா ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவள் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவள் என்பதே அப்புறம்தான் வரும். சர்ச் விருந்தில் கடைசி ரொட்டிக்கு அவள் கையோடு இன்னொரு கையும் நீண்டால், அந்த இன்னொரு கை சத்தம் காட்டாமல் பின்வாங்கிவிடும். விவாகரத்திலும் இதே கதைதான். புருஷன் கிம்பல் வீட்டை எடுத்துக்கொண்டான், நாயை எடுத்துக்கொண்டான். இரண்டு ஹெலிகாப்டரைப் பற்றியும் வாயே திறக்கவில்லை. பாவம், அவனுக்கு உயிர்மேல் ஆசை இருந்தது.

சின்ன வயதிலேயே குதிரைமசால் தீவன வயல்களுக்கு மருந்தடிக்கப் பறக்க ஆரம்பித்தவள். பிறகு சர்க்காருக்காக மேற்குப் பாலைவனத்தில் காட்டுக்குதிரைகளை ஓட்டி வந்து பட்டியில் அடைக்கிற வேலை. அந்த வேலையில் குதிரையைத் துரத்தினால் கெட்டது. பின்னால் ஒதுங்கி, அது போகிற வேகத்திலேயே போகவேண்டும். மந்தைக்கு இடது பக்கம் ஒரு ஹெலிகாப்டர், வலது பக்கம் ஒன்று; ஒன்றில் அவள், இன்னொன்றில் கிம்பல். மந்தை யார் பக்கம் திரும்புகிறதோ, அப்புறம் அது அவர்கள் பொறுப்பு. மற்றவர் குறுக்கே போகக்கூடாது.

நைலா போனாள். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து ஒரு நாள், மந்தை கிம்பல் பக்கம் திரும்பியது. இவள் மனசு கேட்கவில்லை. குறுக்கே பாய்ந்தாள். அவன் மோதலுக்குப் பயந்து ஒதுங்க, குதிரைகள் மிரண்டு நாலாபக்கமும் சிதறி மலைக்குள் போய்விட்டன. "உன்னை நம்பி விட்டிருந்தா பட்டிக்கே வந்திருக்காது" என்று அவள் தரையிறங்கியதும் சொன்னாள். அன்று சாயங்காலம் குதிரைகள் இல்லை. கொஞ்ச நாளில் கல்யாணமும் இல்லை.

ஆனால் வேலை இருந்ததே. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். கிம்பல் ஒரு பழைய ஹெலிகாப்டரைச் சொந்தமாக வாங்கிக்கொண்டான். வானத்தில் ரேடியோவில் ஒழுங்காகப் பேசிக்கொள்வார்கள். தரையில் இறங்கினால் ஒரு ஹலோ கூடக் கிடையாது. இப்படியே இருபது வருஷம் ஓடியது.

அப்புறம்தான் விஞ்ஞானி டாக்டர் பெல்லமி வந்தார். அவர் குழு அனுப்பிய விண்கலம் ஒன்று ஒரு வால்நட்சத்திரத்தின் பின்னால் போய், அதன் தூசியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. அதை ஒரு பெட்டியில் வைத்து, இந்தப் பாலைவனத்தின்மேல் பாராசூட்டில் போடும். பெட்டிக்குள் தூசி இருந்த தட்டுகள் அப்பளம் மாதிரி மெல்லியவை.

"பாராசூட்தான் இருக்கே, தானா இறங்கட்டுமே?" என்றான் கிம்பல்.

"இறங்கும். தரையில தட்டுற தட்டுல உள்ளே எல்லாம் நொறுங்கிடும்" என்றார் பெல்லமி. "இதை அனுப்பினப்ப என் பொண்ணு கைக்குழந்தை. இப்ப எனக்கே கணக்குச் சொல்லித் தர்றா. அந்தரத்துலயே பிடிச்சுக் கொடுங்க."

"பெட்டிதானே? குதிரை மாதிரி மிரளாது. பிடிச்சிடலாம்" என்றாள் நைலா.

முறை இதுதான். பெட்டி பாராசூட்டில் மெல்ல முன்னோக்கி மிதந்தபடி இறங்கும். ஹெலிகாப்டர் பின்னாலிருந்து அதே வேகத்தில் அதன்மேல் வந்து, கீழே நீட்டிய கம்பத்தின் கொக்கியைத் துணியில் மாட்டவேண்டும். நைலா முதலில் போவாள். அவள் தவறவிட்டால் கிம்பல். மாதக்கணக்கில் பொம்மைப் பெட்டியைப் போட்டுப் பழகினார்கள். நைலா தவறவிட்டால்தானே அவனுக்கு வேலை?

"டிக்கெட் இல்லாமலே முதல் வரிசை கிடைச்சிருக்கு உனக்கு" என்று ரேடியோவில் சீண்டுவாள்.

"படம் ஒரே மாதிரி இருக்கு, அதான் தூக்கம் வருது" என்பான் அவன்.

பெட்டி வருவதற்கு முந்தைய ஞாயிறு சர்ச் விருந்து. சீஸ் போட்டு வேகவைத்த சாவு வீட்டு உருளைக்கிழங்கு; பெயர்தான் அப்படி, கல்யாணத்துக்கும் அதுதான். அதைச் சமைத்த சர்ச் சகோதரி ஆர்வில்லா கரண்டியும் கையுமாகக் கேட்டாள்: "ஏன் நைலா, ஒருவேளை தவறிடுச்சுன்னா?"

"என் கொக்கியிலதான் வரும். வரலேன்னா சாகற வரைக்கும் உங்க உருளைக்கிழங்கைத் தொடமாட்டேன்."

கூடமே கேட்டது. அவள் நாலு பேர் முன்னால் சொன்னால் சொன்னதுதான்.

அந்த நாள் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நைலாவின் பின்னால் கொக்கிக் கயிற்றைப் பார்த்துக்கொள்ள டெவர்ல். வெகு உயரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பாராசூட் விரிந்தது. ஆனால் துணியின் ஒரு ஓரம் சுருங்கியே கிடந்தது, அதனால் பெட்டி நேராக வராமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. நைலா கணக்குப் போட்டு மேலே வந்தாள்.

"தொட்டுச்சு" என்றான் டெவர்ல். உடனே, "இல்ல, வழுக்கிடுச்சு."

வட்டமடித்துத் திரும்பினாள். அதற்குள் பெட்டி எவ்வளவோ கீழே போயிருந்தது.  ரேடியோவில் பெல்லமியின் மூச்சு கேட்டது. இன்னொரு தடவைக்கு உயரம் இருந்தது. அதுவும் போனால் தரைதான்.

பெட்டி இன்னும் இடது பக்கம் திரும்பியது. இடது பக்கம் கிம்பல் இருந்தான். அதன் பின்னால், சரியான உயரத்தில், சரியான வேகத்தில். இவள் பிடிக்கவேண்டுமென்றால் அவன் மூக்குக்கு நேரே குறுக்கே பாயவேண்டும். பாய்ந்தால் அவன் விலகிவிடுவான். என்றைக்குத்தான் விலகவில்லை? இதோ, இவள் திரும்புவதைப் பார்த்து இப்போதே விலக ஆரம்பித்துவிட்டான், மடையன்.

பிடித்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியதே தவிர, உறுதியாகத் தெரியவில்லை. அவனால் முடியும் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. இருபது வருஷமாக அவன் பறப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.  பல்லைக் கடித்துக்கொண்டு ரேடியோ பொத்தானை அழுத்தினாள்.

"கிம்பல், உன் பக்கம். எடுத்துக்கோ."



"என்ன சொன்னே?" என்றான் கிம்பல்.

"ரெண்டாவது தடவை சொல்லமாட்டேன்."

வலது பக்கம் ஒடித்து விலகி மேலே ஏறினாள். கிம்பல் மறுபடி நேரானான். அவசரப்படாமல், குதிரைக்குப் பின்னால் போகிற மாதிரி, பெட்டி போகிற போக்கிலேயே போனான். நைலாவின் நாக்கு நுனியில் ஆயிரம் யோசனை இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. பிற்பாடு டெவர்ல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது இதைத்தான், பெட்டியைப் பற்றிக்கூட இல்லை.

கொக்கி துணியில் பாய்ந்தது. பாராசூட் மடங்கிச் சுருண்டது, கயிறு விறுவிறுவென்று ஓடியது, பெட்டி ஒரு தடவை பலமாக ஊசலாடி அடங்கியது. கிம்பல் அதைக் கொண்டுபோய் உப்புத்தரையில் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தான். பெல்லமி ரேடியோவை அணைக்க மறந்து அழுதுகொண்டிருந்தார். கேமராக்காரர்கள் எல்லாரும் கிம்பலைச் சூழ்ந்துகொண்டார்கள். நைலா வெறுங்கொக்கியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தாள்.

அடுத்த ஞாயிறு விருந்தில் அவள் தட்டில் பச்சை ஜெல்லி மட்டும் இருந்தது. ஆர்வில்லா கரண்டியோடு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு மேசைக்குப் போய்விட்டாள். அப்போது கிம்பல் ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கோடு கூடத்தைக் கடந்து வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். 

"சாப்பிடு" என்றான்.

"என் கொக்கியில வரலியே."

"நீ விடாம எனக்கு ஏது?" தட்டை அவள் பக்கம் தள்ளினான். "ஏன் விட்டே?"

"உன்னால முடியும்னு தெரியும்."

 கிம்பலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதை இருபது வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே, நைலா."

நைலா கரண்டியை எடுத்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப உன்னால முடியாதே" என்றாள்.