விமானத்தின் மேல் போட்ட பழி

பிள்ளைகளே, மரக்காணம் உப்பளத்துக்கு லாரியில் உப்பு ஏற்றப் போனபோது நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வெயிலில் கருத்த ஒல்லி உடம்பு, தலையில் ஈரத்துண்டு. வானத்தில் விமானம் போனால் போதும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு செல்போனில் படம் பிடிப்பார்.

முந்தின வாரம் பெய்த கோடை மழையில் அவர் பொறுப்பிலிருந்த உப்புக் குவியல் கரைந்துபோயிருந்தது. அது புருஷனை இழந்த அவருடைய அண்ணியின் உப்பு.

"விமானத்துல வந்து மருந்து தூவி மழையை வரவழைச்சிட்டானுங்க. வாட்ஸ்அப்ல வீடியோவே வந்துது," என்றார்.

"விமானக்காரனுக்கு உங்க அண்ணி உப்பு மேல என்னங்க கோபம்? பக்கத்துக் குவியல் அப்படியே இருக்குதே?"

"அவன் தென்னங்கீத்து போட்டு மூடியிருந்தான்."

"நீங்க?"

தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு சாயங்காலம் வானம் வெளுப்பா இருந்துது. காலையில மூடிக்கலாம்னு ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிட்டேன். எவனோ செஞ்சான்னு இருந்தாத்தான் அண்ணி மூஞ்சியைப் பாக்க முடியுது. அதையும் புடுங்கிட்டியேப்பா."

வருஷாவருஷம் வருகிற கோடை மழைதான் அது, யாரும் வரவழைக்கவில்லை. நான் கேட்டது சரிதான். ஆனாலும் அவரைப் பிடித்துக்கொடுத்த மாதிரி எனக்குக் கூசியது.

"அண்ணிகிட்ட நானே சொல்லிடறேன்," என்று வண்டியில் ஏறிக்கொண்டார். அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கியவர், தட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். கூட இறங்கி நின்றிருக்கலாம். பார்க்காதது போல வண்டியை எடுத்துவிட்டேன். அவர் சொன்னாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.