ஏழாம் டேபிளிலிருந்து திரும்பி வந்த பிரியாணி

சர்வீஸுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளை நான் முதலில் சாப்பிட்ட தட்டு கழுவப் போகும் ஜன்னலுக்குத்தான் கூட்டிப் போவேன். கெஸ்ட் வாயால் சொல்லாததைத் தட்டு சொல்லிவிடும் என்று இருபத்திரண்டு வருடமாக நம்பியவள் நான். அல்சூரிலிருந்து தினமும், முதலில் பஸ்ஸும் இப்போது மெட்ரோவும் பிடித்து, வைட்ஃபீல்ட் வந்து, ஒரே ரெஸ்டாரண்டில் ஸ்டூவர்டாகச் சேர்ந்து, கேப்டனாகி, இன்று ஃப்ளோர் மேனேஜராக இருக்கிறேன். என் நம்பிக்கையில் மண் விழுந்த கதையை இப்போது சொல்கிறேன்.

1. தொடாத நல்லி

சுந்தர் சார் எங்கள் பத்து வருடக் கஸ்டமர். சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி என்றால் நான்கு நண்பர்களோடு ஏழாம் டேபிளில் இருப்பார். ஒரே ஆபீசில் வேலை பார்த்து, பிறகு ஆளுக்கொரு கம்பெனிக்குப் போனவர்கள். ஆர்டர் சொல்வது எப்போதும் சுந்தர் சார்தான். அவருடைய மட்டன் பிரியாணியில் எங்கள் ஜப்பார் மாஸ்டர் தேடிப் பிடித்து ஒரு நல்லி எலும்பை வைப்பார். அந்த எலும்பு உறிஞ்சி முடித்து வெள்ளையாகத் திரும்பி வந்தால்தான் மாஸ்டருக்கு அன்றைய சமையல் முடிந்த மாதிரி.

ஒரு சனிக்கிழமை அந்தத் தட்டு அப்படியே திரும்பி வந்தது. மூன்று ஸ்பூன் சோறு குறைந்திருந்தது, நல்லியைத் தொடவே இல்லை. மாஸ்டர் ஜன்னல் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பிரியாணி வெந்த ஹண்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

அடுத்த வாரமும் அதே கதை. தட்டு நிறைய மிஞ்சினால் கெஸ்டுக்குக் குறை இருக்கிறது, குறை இருந்தால் காசு வாங்காமல் ஏதாவது காம்ப்ளிமெண்டரி அனுப்பு. இதுதான் எனக்குத் தெரிந்த கேப்டன் சாஸ்திரம். ஒரு பிளேட் சீக் கபாப் அனுப்பினேன். மிஞ்சியது. ஃபிர்னி என்கிற பால் இனிப்பை அனுப்பினேன். சுந்தர் சார் என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு வாய் வைத்து, முகம் வெளிறி எழுந்து வாஷ்ரூம் பக்கம் போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ அடுத்த வாரம் இன்னும் நல்லதாக எதை அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புத்திசாலித்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

முதலாளிக்கு விஷயம் போய்விட்டது. சுற்றுவட்டார ஆபீஸ் பார்ட்டிகளில் பாதி சுந்தர் சார் சொல்லி வந்தவை. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. போன வருடம் ஒரு காய்ச்சலில் மாஸ்டருக்கு வாசனையே தெரியாமல் போய், இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அது முதலாளிக்குத் தெரியும்.

"ஸ்டெல்லா, மாஸ்டர் மூக்கு சரியா ஆகல போல. ஸ்வல்ப யோசனை பண்ணு. வர்ற திங்கக்கிழமை ஒரு ஆளு ட்ரையலுக்கு வர்றான். நல்லா இருந்தா அவனையே வெச்சிக்கலாம்" என்றார்.

அதைவிடக் கொடுமை, மாஸ்டரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். முப்பது வருடம் ஆவியை மோந்தே உப்பு சொன்னவர், அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு ஹண்டி திறக்கும்போதும் என்னைக் கூப்பிட்டார். "கொஞ்சம் ருசி பாத்து சொல்லும்மா, எனக்கு சரியா தெரியல" என்பார். உப்பு ஒரு நாளும் தப்பவில்லை. நான் சொன்னாலும் அவர் நம்பவில்லை.

2. ஊசி

திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை சுந்தர் சார் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்தார். போய்த் தண்ணீர் வைத்தேன். சாப்பாட்டில் என்ன குறை என்று நேராகவே கேட்டேன். ஒரு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். சர்க்கரையும் எடையும் ஏறிப்போனதால் டாக்டர் எழுதிக் கொடுத்து வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாராம். பசி அடங்கிவிடுகிறது. நாலு வாய்க்கு மேல் போனால் குமட்டுகிறது, எண்ணெய் என்றால் இன்னும் மோசம். நான் அனுப்பிய ஃபிர்னிதான் அன்று அவரை வாஷ்ரூமுக்கு விரட்டியது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நண்பர்களிடம் சொல்லவில்லையாம். தட்டில் சோற்றை இப்படியும் அப்படியும் தள்ளி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார். மனைவியும் பையனும் சென்னையில், இவர் இங்கே தனி ஃப்ளாட்டில். வாரத்தில் மனிதரோடு உட்கார்ந்து பேசுவது இந்த ஒரு மத்தியானம்தான்.

"சாப்பிடாதவன சாப்பாட்டுக்கு யாரும்மா கூப்பிடுவா? ஒரு தடவ விட்டாங்கன்னா அப்படியே பழகிடும். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. டேபிளில் கேட்டது டேபிளோடு போக வேண்டும். யார் யாரோடு வந்தார்கள், யார் என்ன குடித்தார்கள் என்று ஒரு நாளும் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் உள்ளே ஒரு மனிதர் தன் மூக்கையே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறார். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் மாஸ்டர் தப்பிப்பார், சுந்தர் சார் என்னை மன்னிக்க மாட்டார். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வந்துவிடும்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். ஆனா உங்க தட்டு உள்ள போயி வேற ஒரு கத சொல்லிடுச்சு" என்று தொடங்கி, மாஸ்டரின் காய்ச்சல், முதலாளியின் ட்ரையல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் நண்பர்கள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார்கள். நான் நகர்ந்துவிட்டேன்.

3. ஸ்டாஃப் மட்டும்

பிரியாணி போனது. மூன்று ஸ்பூன் சாப்பிட்டார். நான் பில்லிங் கவுண்டர் பக்கம் நின்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். 'ஸ்டாஃப் மட்டும்' என்று எழுதிய கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கிச்சனுக்குள்ளே போய்விட்டார்!

பின்னாலேயே நான் ஓடினேன். சண்டைக்குப் போகிறார் என்று நினைத்து நான்கு நண்பர்களும் ஓடி வந்தார்கள். கல்லாவை விட்டு முதலாளியும் ஓடி வந்தார். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கட்டி நின்றார்.

"மாஸ்டர், தப்பு உங்க சமையல்ல இல்ல. நான் ஒடம்பு எளைக்க ஊசி போட்டுக்கிறேன். மூணு ஸ்பூன்ல வயிறு நின்னுடுது. அந்த மூணு ஸ்பூனுக்காகத்தான் வாரா வாரம் இங்க வர்றேன்" என்றார் சுந்தர் சார்.

மாஸ்டர் மெல்லக் கேட்டார்: "வாசன வருதா சார்?"

"பார்க்கிங்லயே வருது."

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மேனேஜராவது ஒன்றாவது.

நண்பர்களில் உயரமானவர் வந்து சுந்தர் சாரின் கையிலிருந்த தட்டை வாங்கினார். நல்லியை எடுத்து வாயில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

"இத சொல்றதுக்காடா ஒரு மாசம்? இனிமே நல்லி எனக்கு. அடுத்த சனிக்கிழம லேட்டா வந்த, பாரு" என்றார்.

முதலாளி அங்கேயே போனை எடுத்து, திங்கட்கிழமை ட்ரையலுக்கு யாரும் வர வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போலக் கல்லாவுக்குத் திரும்பினார்.

இப்போதெல்லாம் இந்த ஊசிக்காரர்கள் வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். அதனால் பிள்ளைகளே, தட்டு மிஞ்சினால் நீங்களாகக் கதை கட்டாதீர்கள், காம்ப்ளிமெண்டரியும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பக்கத்தில் போய் மெதுவாக, மற்றவர் காதில் விழாமல், இன்னும் சின்ன அளவில் தரட்டுமா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தவறி ஒரு நல்ல சமையல்காரரை இழக்கப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் ரைத்தா வைக்கும் சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்தார். நெய் குறைத்து நாலு வாய் பிரியாணி, நடுவில் எலும்பில்லாத ஒரே ஒரு துண்டு, மேலே பொரித்த வெங்காயம் ஏழெட்டு இழை. யாரையும் ருசி பார்க்கக் கூப்பிடவில்லை. மோந்து பார்த்து அவரே அனுப்பினார். இருபது நிமிடத்தில் கிண்ணம் ஜன்னலுக்குத் திரும்பி வந்தது, ஒரு பருக்கை இல்லாமல் வழித்து. மாஸ்டர் அதைக் கழுவ விடவில்லை. ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிச்சன் முழுக்கக் கேட்கும்படி, "ஸ்டெல்லாம்மா, காலி!" என்றார்.