தாதேக்கின் இரண்டு பல் வரிசைகள்

ஹென்டர்சன், ஆக்லாந்து
1997 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40

பெருமதிப்புக்குரிய செய்திமடல் ஆசிரியர் அவர்களுக்கு,

1. செய்தி வந்த விதம்

சென்ற செவ்வாய்க்கிழமை, 12ஆம் திகதி, காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் திருமதி ஹலினா ஒல்ஷா. தம் கணவர் விடியற்காலையில் உறக்கத்திலேயே இறந்துவிட்டார் என்று அமைதியாகச் சொன்னார். நான் ஆறுதல் வார்த்தை தேடுவதற்குள், "உங்கள் மனைவியைக் கூப்பிடுங்கள். மேசையில் இரண்டு செட் பல் இருக்கிறது. எதை அணிவித்து அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை," என்றார்.

இறந்தவர் தாதேயுஷ் ஒல்ஷா. போலந்து நாட்டவர், ஜாஸ் இசையில் ட்ரம்பெட் வாசித்தவர், இசையமைப்பாளர். எல்லோருக்கும் தாதேக். நம் தமிழ்ச் சங்கத்து அன்பர்களில் சிலர் அவரை எங்கள் வீட்டில் கண்டிருக்கலாம். காணாதவர்களுக்கு, அந்தக் கேள்வியின் பொருள் விளங்குமாறு அவரைப் பற்றி எழுத விழைகிறேன்.

2. அவர் வந்த வழி

தாதேக் 1931இல் போலந்தின் தெற்கில் ஒரு சிறு பட்டணத்தில் பிறந்தார். போர் முடிந்தபின் ஊர்த் தீயணைப்புப் படையின் வாத்தியக்குழுவில் சேர்ந்தார். ட்ரம்பெட் கையில் கிடைத்தது அங்கேதான். "தீ விபத்துகள் குறைவு. சவ ஊர்வலங்கள் அதிகம். ஆகவே நன்றாகப் பழகினேன்," என்பார். ஜாஸ் இசையை வானொலியில், சத்தத்தைக் குறைத்து வைத்து, காதால் கற்றார். அந்நாளில் அவர்களுடைய அரசுக்கு அது பிடிக்காத இசை, நிலவறைகளில் வாசித்தார்கள். பிற்பாடு அரசின் மனம் இளகியபோது அதே இசைஞர்கள் மேடைக்கு வந்தார்கள். ஐவர் குழு ஒன்றைத் தாதேக் தலைமை தாங்கி நடத்தினார், அதற்கென இசையும் எழுதினார். அந்தப் பதிவுகளை எனக்குக் கேட்கக் கொடுத்திருக்கிறார். கர்நாடக இசையில் ஊறிய என் செவிக்கு முதலில் எதுவும் பிடிபடவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது, சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தி, மற்றவர் முடிக்க இடம் விடும் ஒரு கண்ணியமான மனிதரை அதில் கேட்டேன்.

1981 டிசம்பரில் அவருடைய நாட்டில் இராணுவச் சட்டம் வந்தது. அவர் அப்போது உல்லாசக் கப்பல் ஒன்றின் இசைக்குழுவில் இருந்தார். திரும்பிச் செல்லவில்லை. ஹலினா வந்து சேர இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இவை பற்றி நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆக்லாந்தில் பகலில் பித்தளை வாத்தியங்களைத் திருத்தினார். பள்ளிக்கூட வாத்தியக்குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வெள்ளி மாலைகளில் ஒரு தொழிலாளர் கிளப்பில் வாசித்தார். நான் அவரைச் சந்தித்தது 1990 மார்ச் 5ஆம் திகதி, திங்கட்கிழமை, ஹென்டர்சன் ரயில் நிலையத்தில். வண்டி வரவில்லை. இலங்கைப் புகையிரதப் பகுதியில் நிலைய அதிபராக ஓய்வு பெற்ற நான் கடிகாரத்தைப் பார்த்துப் பொறுமை இழந்துகொண்டிருந்தேன். கறுத்த பெட்டியோடு பக்கத்தில் நின்றவர், "நீங்கள் வண்டிக்காகக் கோபப்படவில்லை. வண்டியின் சார்பில் வெட்கப்படுகிறீர்கள்," என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு 'ஸ்டேஷன் மாஸ்டர்'.

அந்த மேற்கு ரயில் பாதையைப் பற்றியே தம் பெரிய படைப்பை எழுதினார். ஏழு வாத்தியங்களுக்கானது, நிலையத்துக்கு ஒரு பகுதி. நான்காம் பகுதிக்குத் 'தாமதம்' என்று பெயர். "உம்முடைய முறைப்பாடுகளைத்தான் எழுதியிருக்கிறேன். உரிமைத் தொகை கேட்கக்கூடாது," என்றார்.

3. பற்கள்

அப்படைப்பின் அரங்கேற்றம் 1994 நவம்பர் 12, சனிக்கிழமை என்று நிச்சயமாகியிருந்தது. ஆனால் அவ்வாண்டு ஜூனில் முரசு நோயினால், ஈறு கெட்டு, அவருடைய மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் பிடுங்க வேண்டியதாயிற்று. ட்ரம்பெட் ஊதுபவருக்கு அது பாடகருக்குத் தொண்டை போவதற்கு ஒப்பானது.

என் மனைவி திலகவதி, செயற்கைப் பற்கள் செய்யும் கூடம் ஒன்றில் அப்போது வேலை செய்தார். பல் வைத்தியர் எடுத்த அச்சுகள் அவரிடமே வந்தன. தெரிந்த மனிதருக்கென்று தனிக் கவனம் எடுத்து, வெண்மையாய், சீராய், நூல் பிடித்தாற்போல் ஒரு வரிசை செய்து கொடுத்தார். தாதேக் கண்ணாடியில் பார்த்தார், சிரித்தார், தம் நாட்டு வழக்கப்படி குனிந்து என் மனைவியின் கையை முத்தமிட்டார். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் திலகவதி வெகுநேரம் தூக்கியபடி நின்றார்.

மறுவாரம் தாதேக் ட்ரம்பெட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் நின்று ஊதினார். காற்று வந்தது, நாதம் வரவில்லை.

"அழகான பற்கள், அம்மா. வங்கி மனேஜருக்குரிய பற்கள். என் சத்தம் இதற்குள் இல்லை."

"முப்பது வருசமாப் பல்லுக் கட்டுறன். பல்லு வடிவா இருக்கெண்டு ஒருத்தரும் குறை சொன்னதில்லை," என்றார் மனைவி என்னிடம் தமிழில். "என்ன குறையெண்டு வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்டேன். பிறவியிலேயே அவருடைய நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தது. இடதுபல் சற்றே முன்னால் சரிந்திருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய மூச்சு அந்த வழியால் சென்று பழகியிருந்தது. "என் தனி வாசிப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். நல்ல பையன், சரியாக வாசிப்பான்," என்று சொல்லி ட்ரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்தார். அந்தப் பெட்டியை அவர் மூடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மாலை திலகவதி ஒரு பிளாஸ்டர் அச்சைக் கைப்பையில் கொண்டு வந்தார். பிடுங்குவதற்கு முன் எடுக்கப்பட்ட அச்சு, எறியாமல் வைத்திருந்தார்.

"இஞ்சருங்கோ, உங்கட தபால் முத்திரை பாக்கிற பூதக்கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ."

"எதுக்கப்பா?"

"அந்த நடுப்பல்லு நீக்கலைப் பாக்க வேணும். நேரா வைக்க ஒரு நூல் காணும். கோணலை அதே கோணலா வைக்கிறதெல்லோ பாடு."

புதிய வரிசை செய்தார். தாதேக் ஊதினார், சரிவரவில்லை. மனைவி அரத்தால் ஒரு பக்கம் தேய்த்தார், மேல்சுரம் உடைந்தது. பிறகு மறுபக்கம். செப்டெம்பர் மாதம் முழுவதும் எங்கள் முன்னறை இவ்வாறே கழிந்தது. நான் குறுக்கே பேசியபோது, "நீங்கள் ரயிலைப் பாருங்கோ, நான் பல்லைப் பாக்கிறன்," என்று அடக்கப்பட்டேன்.

ஒக்டோபர் முதல் ஞாயிறன்று தாதேக் ஒரு நீண்ட சுரம் பிடித்தார். மெலிதாய்த் தொடங்கி, ஓரத்தில் சிறு கரகரப்போடு, அறையை நிறைத்து நின்றது. அடுப்பில் பருப்புப் பொங்கி வழிந்தது, யாரும் அசையவில்லை. ஊதி முடித்துக் கண் திறந்து, சம்மதம் சொல்ல எங்களிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்: "ஓம்."

அரங்கேற்றத்தில் தம் தனி வாசிப்பைத் தாமே வாசித்தார். 'தாமதம்' தொடங்குமுன், "இந்த வண்டியை இன்னமும் மன்னியாத என் நண்பருக்கு," என்று அறிவித்தார். ஏழு பேரும் மௌனமாய்க் காத்திருந்தார்கள். பிறகு ஒற்றை ட்ரம்பெட் தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. அவ்விசையைப் போற்ற எனக்குத் தகுதி இல்லை. ஆயினும் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தாமதத்தை முழுமனத்தோடு ஏற்றேன். பக்கத்தில் திலகவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி, "பல்லு பிடிச்சுக்கொண்டு நிக்குது, பிடிச்சுக்கொண்டு நிக்குது," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் இரண்டு வரிசைகளையும் தாதேக் பயன்படுத்தினார். நேரான பற்கள் தேவாலயத்துக்கும் புகைப்படத்துக்கும், கோணற்பற்கள் ட்ரம்பெட்டுக்கு. "ஞாயிறன்று மனேஜரோடு வாழ்கிறேன், மற்ற நாட்களில் நாடோடியோடு," என்பார் ஹலினா.

4. விடை

செவ்வாயன்று திலகவதி தொலைபேசியை வாங்கினார். பாதிரியாரும் போலிஷ் சங்கத்தாரும் முகம் பார்க்க வருவார்கள், நேரானதுதானே மரியாதை என்று ஹலினா தயங்கினார். என் மனைவி தமது ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: "முதலில் செய்தது என் பல். இரண்டாவதுதான் அவருடைய பல்." மறுமுனையில் ஹலினா முதன்முறையாக அழுதார். அன்று மாலை இருவரும் சேர்ந்து சென்று, கோணற்பல் வரிசையை ஈமச்சடங்கு நிலையத்தில் கொடுத்து வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, 15ஆம் திகதி, அவரைப் பெட்டியில் கண்டேன். உதடுகள் மூடியிருந்தன. மேலுதட்டின் நடுவே, ட்ரம்பெட் வாய் அழுந்திய வட்டத் தழும்பு மட்டும் தெரிந்தது. உள்ளே அந்த இடைவெளி இருந்ததை ஹலினா அறிவார், திலகவதி அறிவார், நான் அறிவேன்.

தாதேக், நண்பரே, முப்பத்தாறு ஆண்டுச் சேவையில் எந்த வண்டிக்கும் நான் இதைச் சொன்னதில்லை: நீங்கள் இன்னும் சற்றுத் தாமதித்திருக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
வே. சிவபாதம்

இத்துடன் இணைக்கப்பட்டவை:
(அ) அன்னாரின் புகைப்படம், ஒன்று. ட்ரம்பெட் அவருடைய வலக்கையில் உள்ளது. அச்சில் இடம் வலமாக மாற்றிவிட வேண்டாம்.
(ஆ) 'தாமதம்' பகுதியின் ஒலிநாடா. கேட்டபின் திருப்பியனுப்புக. தொடக்கத்திலுள்ள மௌனம் நாடாவின் பழுது அன்று.
(இ) அரங்கேற்ற நிகழ்ச்சித்தாள்.

இணைக்கப்படாதது: நேரான பல் வரிசை. ஹலினா அதை என் மனைவியிடம் கொடுத்துவிட்டார். திலகவதி அதைப் பிளாஸ்டர் அச்சின் பக்கத்தில் வைத்திருக்கிறார். தூசு தட்ட என்னை விடுவதில்லை.